ஒரே எண்ணில் அடங்காத மீத்தேன்

சர்வதேசக் கடல்சார் அமைப்பின் கடல் சூழல் பாதுகாப்புக் குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

எல்.என்.ஜி.யில், அதாவது பெரும்பாலும் மீத்தேனாலான திரவ இயற்கை எரிவாயுவில், ஓடும் குறைந்த அழுத்த ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜின்களில் 3.5 சதவீத எரிவாயு எரியாமல் தப்புவதாக நீங்கள் கணக்கு வைத்திருக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 3.1 என்கிறது. ஆனால் 2024இல் ஐ.சி.சி.டி. என்ற போக்குவரத்து ஆய்வு அமைப்பு வெளியிட்ட ஆய்வில், கடலில் ஓடும் கப்பல்களின் புகையை அளந்தபோது சராசரி 6.4 சதவீதமாக இருந்தது. இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை எப்படி விட்டுவைக்க முடியும்?

புகையிலுள்ள இன்னொரு மாசான நைட்ரஜன் ஆக்சைடைக் கணிப்பதில், எரிதலை மாதிரியாக்கும் எங்கள் துறை நன்றாகவே தேறியிருக்கிறது. அது உருவாகும் விதத்தை விளக்க விஞ்ஞானி செல்டோவிச் வகுத்த வினைகள் ஏறத்தாழ 1,800 கெல்வினுக்கு மேல்தான் வேகம் பிடிக்கின்றன. காற்றைத் தேவைக்கு மேல் தாராளமாகச் சேர்த்தால் சுடரின் வெப்பம் இறங்கி, அந்த மாசும் அடங்கிவிடும். காற்று மிகுந்து எரிவாயு மிக மெலிந்த கலவைக்கு, நைட்ரஸ் ஆக்சைடு வழியாக அது உருவாவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

மீத்தேன் அப்படியல்ல. பிஸ்டனின் மேல் ரிங்குக்கு மேலே, பிஸ்டனுக்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனருக்கும் நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று இருக்கிறது. அமுக்கத்தின்போது எரிவாயுக் கலவை அதற்குள் திணிக்கப்படுகிறது. சுடர் அங்கே நுழைய முடியாது. குளிர்ந்த உலோகம் அதை அணைத்துவிடும். பிஸ்டன் இறங்கும்போது கலவை வெளியே வருகிறது, ஆனால் அதற்குள் சிலிண்டரின் சூடு தணிந்திருக்கும். எரியாதது வால்வ் வழியே புகைபோக்கிக்குப் போகிறது. அரைகுறையாக எரிந்ததில் ஒரு பங்கு ஃபார்மால்டிஹைடாகிறது. குறைந்த சுமையில், அதாவது என்ஜின் தன் முழுத் திறனில் சிறு பங்கையே தரும்போது, கலவை மேலும் மெலிந்தால், சுடர் சுவரை எட்டுமுன்பே அணைந்துபோகிறது. நைட்ரஜன் ஆக்சைடை அடக்கும் அதே மெலிவுதான் மீத்தேனைத் தப்பவிடுகிறது.

கப்பல் என்ஜின்களின் புகையை அளக்க நீங்கள் வகுத்த இ2, இ3 சோதனைகளில் 75 சதவீதச் சுமையில் அளந்ததற்கே மொத்தக் கணக்கில் பாதி எடை. 25 சதவீதத்துக்கு 0.15தான், அதற்குக் கீழே சோதனையே இல்லை. துறைமுகத்துக்குள் மெல்ல நுழையும் கப்பல் பெரும்பாலும் அந்தச் சோதிக்கப்படாத பகுதியில்தான் ஓடுகிறது. கரையில் குடியிருக்கும் மக்கள் அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஆகவே கேட்கிறேன்: 10 சதவீதச் சுமையிலும் மீத்தேனை அளக்கச் செய்யுங்கள். எல்லாக் கப்பலுக்கும் பொதுவான ஒரே எண்ணுக்குப் பதிலாக, ஒவ்வொரு என்ஜினுக்கும் சுமைவாரியான அட்டவணையைக் கேளுங்கள். உற்பத்தியாளர் மாதிரிக் கணிப்பைக் கொடுத்தால், இடுக்கின் கன அளவையும் சுடர் அணைவதற்குக் கொண்ட அனுமானத்தையும் சேர்த்தே வாங்குங்கள். பிறகு, கடலில் ஓடும் கப்பலில் அளந்து அதைச் சரிபாருங்கள்.

இப்படிக்கு,
எரிதல் மாதிரிகளில் பணிபுரியும் ஒரு பொறியாளர்