இனி பொடி இல்லை, கொட்டைதான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நல்ல சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

போன வாரம் போனில் கேட்டாயே, "நீங்க அனுப்புற காப்பிப் பொடி முதல் நாலு நாள்தான் நம்ம வீட்டு மணம், அப்புறம் வெறும் கசப்பு. கொட்டையா வாங்கி நானே அரைச்சுக்கட்டுமா?" என்று. அன்றைக்கு மாட்டுத்தாவணியில் பஸ் இரைச்சல். சரியாகப் பேச முடியவில்லை.

கீழ மாசி வீதியில் பொடி வாங்கப் போகும்போது நீயும் வருவாய். கடைக்காரர் கொட்டையை மிஷினில் கொட்டி அரைத்து, பொட்டலத்தை உன் கையில்தான் கொடுப்பார். சூடாக இருக்கும். அதைக் கன்னத்தில் ஒட்ட வைத்துக்கொண்டே வருவாய். பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவு மணம். அது அத்தனையும் பொடியை விட்டுப் போய்க்கொண்டிருந்த மணம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை, பாப்பா.

வறுத்த கொட்டைக்குள்ளே கரியமில வாயுவும் வாசனை எண்ணெயும் அடைபட்டுக் கிடக்கும். கொட்டையாக இருக்கும்வரை அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். வறுத்து 3, 4 வாரம் வரை நன்றாகத் தாங்கும். அரைத்துவிட்டால் ஒரு கொட்டை நூறு துணுக்காகிறது. ஒவ்வொரு துணுக்கிலும் காற்று படுகிறது, ஈரம் ஏறுகிறது. சில நாளில் வாசனை போய்விடும். நம் வீட்டில் வாரத்துக்குக் கால் கிலோ வாங்கி, வாரத்துக்குள் தீர்ப்போம்; அதனால் குறை தெரிந்ததில்லை. உனக்கு அரை கிலோவை மொத்தமாக அரைத்து கூரியரில் போட்டேன். வந்து சேர 5 நாள், நீ ஒருத்தி குடித்துத் தீர்க்க ஒரு மாதம். தப்பு என்னுடையதுதான்.

ஆகவே கொட்டையே வாங்கு. ஆனால் மிக்ஸியில் மட்டும் அரைக்காதே. ஒரு தடவை நான் செய்து பார்த்தேன். பிளேடு கொட்டையை அரைப்பதில்லை, வெட்டித் தெறிக்க விடுகிறது. பாதி மாவு, பாதி நொய். அந்த மாவு பில்டர் ஓட்டையை அடைத்துக்கொண்டு, ராத்திரி ஊற்றிய தண்ணீர் விடியும்வரை மேலேயே நின்றது. நொய்யில் சாரம் இறங்கவே இல்லை. ஆச்சி உளுந்து உடைத்த திருகை ஞாபகம் இருக்கிறதா? இரண்டு கல்லுக்கு நடுவில் இடைவெளி எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் பருப்பு உடையும். காப்பிக்கும் அதே மாதிரி கையால் சுற்றுகிற மிஷின் இருக்கிறது. பர் கிரைண்டர் என்று கேட்டு வாங்கு. நம் பில்டருக்கு ரவையை விட நைஸாக, மாவாகப் போய்விடாமல் அரைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் திருகித் திருகிப் பார்த்தால் அளவு பிடிபட்டுவிடும்.

சிக்கரி ஒரு வேர். அதை வறுத்துப் பெரும்பாலும் பொடியாகத்தான் விற்பார்கள், கொட்டையோடு சேர்த்து அரைக்க வேண்டியதில்லை. ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும், அதனால் தனி டப்பாவில் வை. நமக்கு 100 கிராம் பொடிக்கு 20 கிராம் போதும். கடைகளில் கலவைப் பொடி வாங்கினால் பாக்கெட்டின் ஓரத்தில் இருப்பதைப் படி. சட்டப்படி 49 சதவீதம் வரை சிக்கரி போடலாம். அவ்வளவு போட்டால் டிகாக்‌ஷன் கருகருவென்று இறங்கும். ஆனால் அந்தப் பொடியில் கிட்டத்தட்டப் பாதி காப்பியே இல்லை.

காலை ஷிப்ட் நாட்களில் அரைக்க நேரம் இருக்காது என்றால் பொடியே வாங்கு, ஒன்றும் குறைந்துவிடாது. கண் முன்னால் அரைத்துத் தருகிற கடையில், 100 கிராமுக்கு மேல் வேண்டாம். இறுக்கி மூடி அலமாரியில் வை. பிரிட்ஜில் வைத்து எடுத்து வைத்து எடுத்தால் நீர் கோத்துக்கொள்ளும்.

வருகிற திங்கட்கிழமை பீபரி என்கிற உருண்டைக் கொட்டை பாதி, பிளான்டேஷன் ஏ என்கிற பெரிய தட்டைக் கொட்டை பாதி, கால் கிலோ வறுத்து அனுப்புகிறேன். தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பியாகக் கேட்டிருக்கிறேன். வத்தலக்குண்டு வழியாக நாம் அங்கே போனபோது மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது; செடி முழுக்க வெள்ளைப் பூ. "மல்லிப்பூ மாதிரியே மணக்குதுப்பா" என்று நீ ஜன்னலில் தலையை நீட்டினாய்.

அரைத்த பொடியை மேல் பாத்திரத்தில் போட்டு, கொதித்த தண்ணீரை முதலில் கொஞ்சமாக ஊற்றி அரை நிமிஷம் பார். புதுப் பொடி என்றால் நுரைத்து மேலே பொங்கும். பழசு என்றால் சும்மா நனைந்து கிடக்கும். பொங்கியதா என்று எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா