காத்மாண்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. மாமாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது நிம்மதி. அக்காவிடம் சொல், ஒரு மாதத்துக்காவது அவரைக் குனிந்து எதையும் தூக்க விடவேண்டாம்.

நங்சால் தமாங், ரசிலா மகர்ஜன் போன்ற முன்னணி நேபாள பேட்மிண்டன் ஆட்டக்காரிகள்கூட உலகத் தரவரிசையில் மேலே ஏற ஏன் இவ்வளவு திணற வேண்டியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஆட்டத்தில் உள்ள குறை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி வெறும் கணக்கு. கடைசி 52 வாரங்களில் ஆடியவற்றில் சிறந்த பத்துப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டித்தான் தரவரிசை போடுகிறார்கள். கீழ்மட்ட வெளிநாட்டுப் போட்டியான இன்டர்நேஷனல் சீரிஸில் 32 பேர் சுற்றிலேயே தோற்றாலும் 550 புள்ளி உண்டு, காலிறுதிக்குப் போனால் 1,370. வருடத்துக்கு இரண்டே போட்டி ஆடி, இரண்டிலும் காலிறுதி கண்ட பெண்ணுக்கு 2,740. பத்துப் போட்டிக்குப் போய் பத்திலும் முதல் ஆட்டத்திலேயே தோற்றவளுக்கு 5,500! விமானக் கட்டணம் இருப்பவள் முன்னால் நிற்கிறாள். தரவரிசை தாழ்ந்தால் அடுத்த போட்டியில் நேரடி இடம் கிடைக்காது, தகுதிச்சுற்றிலிருந்து தொடங்கவேண்டும். சில சமயம் காத்திருப்போர் பட்டியலோடு கதை முடிந்துவிடும். நேபாளப் பெண்களின் வெற்றி தோல்வியை மட்டும் எண்ணி அவர்களை எடைபோடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

அதனால் உன் மாணவிக்குக் கையில் உள்ள பணத்தை ஒரே பெரிய போட்டியில் கொட்டாதே. டெல்லி, டாக்கா என்று பக்கத்தில் எங்கே சீரிஸோ, அதற்கு ஒரு படி மேலான சேலஞ்ச் போட்டியோ நடந்தாலும் அனுப்பு. சேலஞ்சில் 32 பேர் சுற்றுக்கே 920 புள்ளி, ஆனால் அங்கே எதிராளிகள் கடினம். போன வருடம் வாங்கிய புள்ளி எந்த வாரத்தில் கழிகிறது என்று குறித்துவைத்து, அதற்கு முன்பே அடுத்த போட்டி அமையும்படி பார்.

அடுத்தது ஷட்டில், அதாவது இறகுப்பந்து. இதை எல்லோரும் அலட்சியம் செய்கிறார்கள். காத்மாண்டு ஏறக்குறைய 1,350 மீட்டர் உயரம், பொக்ரா 820, தராய்ச் சமவெளிப் பக்கம் நேபாள்கஞ்ச் 150தான். ஒரே நாட்டுக்குள் மூன்று விதக் காற்று. மேலே காற்று அடர்த்தி குறைவு, ஷட்டில் நிற்காமல் ஓடும். ஆகவே காத்மாண்டுக்கு 75ஆம் எண் மாதிரி மெதுவானது வேண்டும்; எண் கூடினால் வேகமும் கூடும். கடையில் இருப்பது 77தான் என்று அதை வாங்கி ஆடினால் என்ன ஆகும்? பின்கோட்டைத் தாண்டுகிறதே என்று பிள்ளை லிஃப்டை, அதாவது உயரத் தூக்கி அடிப்பதை, அடக்கி அடக்கிப் பழகுவாள். கீழே போய்ச் சரியான ஷட்டிலில் அதே கையால் தூக்கினால் நடுக்கோர்ட்டில் விழும், எதிராளி ஸ்மாஷ் அடித்து முடிப்பாள். அவளைப் பதற்றக்காரி என்று திட்டுவார்கள், பாவம். தப்பு டப்பாவில் இருக்கிறது.

விதிப்புத்தகச் சோதனையை வாரம் ஒருமுறை செய். பின்கோட்டிலிருந்து கீழ்க்கையாக, முழு வீச்சில், பக்கக் கோட்டுக்கு இணையாக மேல்நோக்கி அடிக்கவேண்டும். எதிர்ப் பின்கோட்டுக்கு முன்னால் 530 முதல் 990 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் சரி. அதைவிடக் கோட்டுக்கு நெருங்கினால் வேகம் அதிகம். வேறு ஷட்டில் இல்லையென்றால் இறகு நுனிகளைச் சற்றே வெளிப்புறம் மடித்து மெதுவாக்கலாம், ஆனால் பறக்கும்போது ஷட்டில் தள்ளாடும். பயிற்சிக்கு மட்டும் அது போதும். குளிர்காலத்தில் இறகு காய்ந்து நொறுங்கும். டப்பாவின் இறகுப் பக்கத்தைச் சில விநாடி ஆவியில் காட்டி, மூடி, ஓர் இரவு வை. தக்கையில் ஈரம் படக்கூடாது.

மலைநாட்டுப் பெண், மூச்சு தாங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. உயரத்தால் உடல் பெறும் பலனுக்கு இரண்டாயிரம் மீட்டராவது வேண்டும் என்பார்கள். வெயில் ஊர்ப் போட்டிக்கு முன்பு நீண்ட ரேலிகளில்தான் அவளைத் தயார்செய்யவேண்டும்.

2019 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டின் பேட்மிண்டன் பொக்ராவில்தான் நடந்தது. சொந்த மண், சொந்தக் காற்று. அப்படியிருந்தும் மகளிர் ஒற்றையர் இறுதி அஷ்மிதா சாலிஹாவுக்கும் காயத்ரி கோபிசந்துக்கும், இரண்டு இந்தியப் பெண்களுக்கிடையே. இந்தியாவில் இளம் வயதிலேயே கிடைக்கும் போட்டி ஆட்டங்களை எண்ணிப்பார்த்தால் ஆச்சரியமே இல்லை.

வேலை பற்றியும் கேட்டிருந்தாய். ராணுவம், போலீஸ், ஆயுதப் போலீஸ் படை அணிகளில் உன் மாணவி சேர்வதைத் தடுக்காதே. மாதச் சம்பளம் இல்லாமல் இருபத்தைந்து வயதுவரை ஒற்றையர் ஆடுவது அந்த வீட்டுக்குத் தாங்காது. சேரும் முன்பே ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்: வெளிநாட்டுப் போட்டிக்கு விடுப்பு எத்தனை நாள், யார் கையெழுத்து.

பாரிஸ் 2024 ஒலிம்பிக்குக்கு நேபாள ஆட்டக்காரர் பிரின்ஸ் தஹல் போனது சிறு நாடுகளுக்கான ஒதுக்கீட்டு இடத்தில். அந்த வழியை மட்டும் நம்பி அவள் திட்டம் போடவேண்டாம்.

இப்போது வாங்கும் டப்பாவில் எந்த எண் போட்டிருக்கிறது, இந்த வருடம் எந்தெந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாய் என்று எழுது. தேதிகளை வைத்து அட்டவணை போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சாந்தி