அப்பாவுக்கும் 41, உனக்கும் 41

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை நேற்று ராத்திரி மூன்று தடவை பார்த்தேன். எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 41. "கொலஸ்ட்ரால் இவ்வளவு குறைந்தால் மூளைக்கு ஆகாதாமே அம்மா?" என்று கேட்டிருந்தாய். அந்தப் பயம் வேண்டாம். மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலை அது நம்பி இருப்பதில்லை. பிசிஎஸ்கே9 என்ற மரபணு வேலை செய்யாமல் பிறந்த ஓரிருவருக்கு எல்டிஎல் 15 அளவில்தான் இருந்தது. அவர்கள் ஆரோக்கியமாகவே இருந்தார்கள்.

அப்பாவையே பாரேன். ஸ்டென்ட் வைத்தபிறகு மாத்திரை போட்டு அவருக்கும் இப்போது 41. இப்படியே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். 2017-இல் வெளிவந்த ஃபூரியே ஆய்வில் ஊசி மருந்தால் 30 வரை இறக்கியும் ஞாபகசக்தி கெடவில்லை. முன்பே மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள் என்றால் மட்டும் கொஞ்சம் யோசித்து மருந்து கொடுப்பார்கள்.

ஆனால் அப்பாவுக்கு மாத்திரை இறக்கியது. உனக்கு எது இறக்கியது? இரண்டு வருஷம் முன்பு உனக்கு 118. கொலஸ்ட்ராலுக்கு நீ எதுவும் போடவில்லை, சாப்பாடும் குறையவில்லை, ஆனால் ஆறு கிலோ இளைத்திருக்கிறாய். சந்தோஷமாகத்தான் சொன்னாய். ராத்திரி நெஞ்சு படபடக்கிறது என்றாய். போன வாரம் வீடியோவில் பேசும்போது உன் கை நடுங்கியதை நான் கவனித்தேன், கண்ணு. எனக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கல்லீரல் எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து வேகமாக இழுத்துக்கொள்ளும். கல்லீரல் கோளாறு, குடல் சத்தை உறிஞ்சாமல் போவது, சில புற்றுநோய்கள், இவற்றிலும் கொலஸ்ட்ரால் இறங்கலாம். கொலஸ்ட்ரால் குறைந்தவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று நீ படித்ததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். நோய் முதலில் வந்திருக்கும், கொலஸ்ட்ரால் அப்புறம்தான் இறங்கியிருக்கும்.

அதனால் கொழுப்பைக் கூட்டச் சாப்பாட்டை மாற்றாதே. இந்த வாரமே டாக்டரைப் பார். ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாமல் எடை, படபடப்பு, நடுக்கம் மூன்றையும் வாய்விட்டுச் சொல். டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 என்ற தைராய்டு பரிசோதனைகளும் கல்லீரல் பரிசோதனையும் எடுக்கலாமா என்று கேள். அப்புறம், முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை போடுகிறாயே, அதையும் சொல்லிவிடு. தைராய்டு பரிசோதனையில் அது தப்பான அளவு காட்டிவிடும்; எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

பழைய ரிப்போர்ட்டைப் படம் எடுத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததும் கூப்பிடு, எந்த நேரமானாலும்.

அம்மா