வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் வில்லுக்குறி பக்கம் நடந்த பைக் விபத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் நாலு வரிச் செய்தி வந்திருந்தது. ‘வேடிக்கை பார்த்த கூட்டம்; செத்துப்போனதா மனிதநேயம்?’ என்று தலைப்பு. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆறரை மணி, சாரல் மழை. பையன் ரோட்டோரம் கிடந்தான். அவன் செருப்பு ஒன்று வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. சுற்றி முப்பது பேராவது இருப்போம். பக்கத்தில் நின்றவர்கள் முகத்தைப் பார்த்தேன், யாரும் பதறவில்லை. சரி, 108-க்கு யாரோ சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அஞ்சு நிமிடம் போயிருக்கும். மீன் விற்றுவிட்டுத் திரும்பிய ஒரு அம்மா, காலிச் சருவத்தை இடுப்பில் இடுக்கியபடி கூட்டத்தை விலக்கி வந்து, “ஆம்புலன்ஸ விளிச்சது யாரு?” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஏழெட்டுப் பேர் ஒன்றாகச் செல்போனை எடுத்தோம். பையனுக்குக் கால் எலும்பு முறிந்ததோடு போயிற்று.

நான் 29 வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். நாகர்கோவில் - மார்த்தாண்டம் தடத்தில், காலை நெரிசலில் மயங்கி விழுந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். “யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று சத்தம் போட்டால் எண்பது பேரும் அடுத்தவரைப் பார்ப்பார்கள். “மூணாவது சீட்டு நீலச்சட்டை அண்ணாச்சி, அந்த பாட்டிலக் குடுங்க. அக்கா, நீங்க கொஞ்சம் எழும்புங்க” என்று ஆளைக் குறித்துச் சொன்னால் போதும், உடனே நடக்கும். இவ்வளவும் தெரிந்த நான்தான் அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விசிலும் தோள்பையும் இல்லாவிட்டால் நானும் கூட்டத்தில் ஒரு ஆள்தான் போலிருக்கிறது.

பேத்தி கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அவளிடம் புலம்பியபோது, “தாத்தா, இதைச் சோதிச்சே பாத்திருக்காங்க” என்றாள். 1968-ல் அமெரிக்காவில் லதானே, டார்லி என்ற இருவர் செய்தது. ஆட்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொல்லிவிட்டு, சுவர் ஓட்டை வழியாகப் புகையை விட்டிருக்கிறார்கள். தனியாக இருந்த 24 பேரில் 18 பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கூடவே இரண்டு பேரை, புகையைக் கண்டுகொள்ளாதது போல எழுதிக்கொண்டே இருக்கும்படி சொல்லி உட்காரவைத்தபோது, 10 பேரில் ஒரே ஒருவர்தான் போய்ச் சொன்னார். மற்றவர்கள் கண்ணைக் கசக்கி, இருமிக்கொண்டே படிவத்தை நிரப்பினார்களாம். பக்கத்தில் இருப்பவன் சும்மா இருக்கிறான், அப்படியானால் ஒன்றும் இல்லை என்று ஒரு நினைப்பு. ஆள் கூடக் கூட, நம் தலையில் விழும் பொறுப்பு பங்கு பிரிந்து ஒன்றுமில்லாமல் ஆகிவிடுகிறது என்பது இன்னொன்று. வில்லுக்குறியில் எனக்கு இரண்டும் நடந்தது.

இந்த ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்ததே ஒரு பத்திரிகைச் செய்திதான். 1964 மார்ச்சில் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண்ணை ஒருவன் குத்திக் கொன்றான். 38 பேர் பார்த்துக்கொண்டே இருந்தும் போலீசுக்குச் சொல்லவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அது மிகைப்படுத்திய செய்தி என்று அதே பத்திரிகை 2016-ல் ஒப்புக்கொண்டது. ஒருவர் ஜன்னலில் இருந்து சத்தம் போட்டு அவனை விரட்டியிருக்கிறார். சோபியா ஃபாரர் என்ற பக்கத்து வீட்டுப் பெண், கொலைகாரன் போய்விட்டானா என்றுகூடப் பார்க்காமல் ஓடிவந்து, கிட்டியைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அந்தச் செய்தியில் சோபியா இல்லை.

கூட்டம் என்றாலே அசையாது என்றும் இல்லை. ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களைத் தேடி நம் கடற்கரை ஊர்க்காரர்களே படகெடுத்துப் போனதை நாம் மறக்கவில்லை. தெரிந்தவன் என்றால் கால் தானாகவே ஓடுகிறது.

முன்பின் தெரியாதவன் என்றால் கேஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டுமே என்கிற பயமும் சேர்ந்துகொள்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் 134ஏ பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மேல் வழக்குப் போட முடியாது, அவர் பெயர், விலாசம் கேட்டுக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அன்று என் பக்கத்தில் நின்ற முப்பது பேரில் இது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எனக்கே பேத்தி சொல்லித்தான் தெரியும்.

எனவே விபத்துச் செய்தி போடும்போதெல்லாம் அதன் அடியில் இந்தச் சட்டத்தைப் பற்றி ஒரு வரி சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில் 108-ஐக் கூப்பிட்டது யார், கூப்பிடவைத்தது யார் என்றும் தங்கள் நிருபர் விசாரிக்கட்டும். தங்கள் செய்தியில் அந்த மீன்கார அம்மாவும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
தக்கலை.