அப்பாயியின் கல்

அன்பு மகளுக்கு,

பொங்கலன்று நீ பேசியதற்குப் பிறகு இங்கே அழைப்பு எதுவும் வரவில்லை. ஆய்வு வேலை மிகுதி என்று அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய இயலை மூன்று நாளாகப் படித்தேன். முதற்பக்கத்தில் நம் தோட்டத்தின் பெயர் அச்சாகியிருந்ததைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன், அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஜேம்ஸ் டெய்லர் துரை எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்து 1867இல் நம் இலங்கையின் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டாரோ, அதே ஸ்கொட்லாந்தில் இன்று என் பிள்ளை அமர்ந்து நம் மக்களைப் பற்றி எழுதுகிறாள் என்ற பெருமையை எழுதி முடியாது.

ஆனாலும் தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோரில் ரோதமுனிக்குக் கற்பூரம் கொளுத்துவதை "ஆதி மக்களின் ஆவி நம்பிக்கை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை அவசரப்பட்டு அனுப்பிவிடாதே, அம்மா.

நீ மேற்கோள் காட்டும் எட்வர்ட் டைலர் என்ற ஆங்கிலேயர், ஆவிகளை நம்புவதே மதத்தின் குறைந்தபட்ச இலக்கணம் என்று 1871இல் வகுத்து, அதையே மனித குலம் ஏறிய முதற்படியாகவும் வைத்தார். ரோதமுனியின் வயதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார். சக்கரத்தைக் குறிக்கும் ரோதை என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. கொழுந்து அரைக்கும் இயந்திரம் வந்த பிறகுதான் அதைக் காக்கும் முனி வந்திருக்க முடியும். கவ்வாத்துச்சாமியும் அப்படித்தான், தேயிலைச் செடியை வெட்டும் வேலை வருவதற்கு முன் அவருக்கு இங்கே என்ன வேலை இருந்திருக்கும்? சுழலும் பட்டியில் கை அகப்பட்டால் திரும்ப வராது என்று கண்ணால் கண்டவர்கள், இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு காவலை நிறுத்திக்கொண்டார்கள். நீராவிக்குப் பின் பிறந்த சாமியை ஆதிகாலத்துச் சாமி என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது?

"நம்பிக்கை" என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. விசுவாச அறிக்கை சொல்லித் திருச்சபையில் சேர்கிற மரபில், அதிலும் சடங்கைவிட விசுவாசமே பெரிது என்று லூத்தர் சொன்ன பிறகு, 'நீ எதை நம்புகிறாய்' என்று ஒருவரைக் கேட்பது இயல்பான கேள்வியாயிற்று. அப்பாயி ஒரு நாளாவது 'நம்புகிறேன்' என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா? 'செய்ய வேண்டியதைச் செய்யணும்' என்பாள், அவ்வளவுதான். முதல் பிடிக் கொழுந்தைக் கூடையில் போடும்போது அவள் 'பொலி, பொலி' என்று சொன்னது யாரை நம்பி என்று கேட்டிருந்தால், உன் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்திருப்பாள். நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறுகிறவர்களும், உச்சியிலுள்ள தடம் புத்தருடையதா, சிவனுடையதா, ஆதாமுடையதா என்று தீர்த்துக்கொண்ட பிறகா ஏறுகிறார்கள்?

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு பாதிரியார், ஐயனாரையும் மாரியம்மனையும் பற்றித் தமிழரிடமே கேட்டறிந்து 1713இல் ஒரு நூல் எழுதி முடித்தார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதைப் பரப்புவதற்கு அல்ல என்று ஜெர்மனியிலிருந்த அவருடைய மேலிடத்தார் ஒதுக்கிவிட்டதால், டெய்லர் துரை தேயிலை நட்ட அதே 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. இவை மெய்த் தெய்வங்கள் அல்ல என்பதே அவருடைய முடிவும். ஆனாலும் பெயர் பெயராகக் கேட்டு எழுதினார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர் கேட்டார். அப்பாயியின் மடியில் வளர்ந்த நீ, கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டாய்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று இரண்டு இரவாக யோசிக்கிறேன்.

ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். பாதிரிமார் கையாண்ட வினாவிடை முறையையே எடுத்துச் சைவ வினாவிடை எழுதி, மதமாற்றத்துக்கு எதிராக நின்றார். சிங்கள மக்களுக்காக ஓல்கொட் என்ற அமெரிக்கரும் 1881இல் பௌத்த வினாவிடை ஒன்றை வெளியிட்டார். அந்தக் காலத்தில் அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று சொல்ல நான் யார்? ஆனால் எங்களுக்கும் நூல் உண்டு, கேள்விக்குப் பதில் உண்டு என்று காட்டியபோது, நூலில்லாத சாமிகள் வெளியே நின்றன. நாவலரே உயிர்ப்பலியையும் சிறுதெய்வங்களையும் கடிந்தவர்தான். நான் அதைப் படித்து வளர்ந்து, அதையே பாடசாலையில் பிள்ளைகளை ஒப்புவிக்கச் சொன்ன ஆசிரியன்.

2001இல் குடிசன மதிப்பீட்டுக்கு வந்தவர் மதம் என்னவென்று கேட்டபோது, அப்பாயி அடுப்படியிலிருந்து 'மாடசாமின்னு போடுய்யா' என்றாள். நான் முந்திக்கொண்டு 'இந்து' என்றேன். அடுத்த வருடம் பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்தின்போது, கோயில் கமிட்டிச் செயலாளராக இருந்த நான்தான் மாடசாமிக் கல்லைப் பிடுங்கச் சொன்னேன். வெளியூர்ப் பெரியவர்கள் வந்து பார்த்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். பொடியன்கள் இருவர் அலவாங்கால் நெம்பினார்கள். மண்ணுக்குள் இருந்த பாகம் வரைக்கும் மஞ்சளும் எண்ணெயும் ஊறியிருந்தது. அதை ஓடையில் உருட்டிவிட்டோம். அப்பாயி லயத்து வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாகும்வரை அதைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை; நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அதனால்தான், அங்கே ஒரு படிவத்தில் மதம் என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்று எழுதியதாகப் பொங்கலன்று நீ சொன்னபோது, தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனேன். உன்மேல் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். அந்த இடத்தை முதலில் அழித்தவன் நான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இயலை அவசரப்பட்டு அனுப்பாதே என்று மறுபடியும் சொல்கிறேன். உன் பேராசிரியர் காத்திருப்பார்.

கும்பாபிஷேகத்துக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை மாலைகளில் அப்பாயி உன் கையைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் நம்பர் மலைப் பக்கம் போவாள். திரும்பி வரும்போது உன் நெற்றியில் திருநீறு இருக்கும். எங்கே போனீர்கள் என்று நான் கேட்டதில்லை. இந்த மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றுவதற்கு முன் அங்கே போய்வர வேண்டும் என்று அம்மா கற்பூரமும் வாழைப்பழமும் வாங்கி வைத்திருக்கிறாள். அந்த மலை இப்போது கவ்வாத்து இல்லாமல் மானாப்புல் மூடிக் கிடக்கிறது. எந்த மரத்தடி, எந்தக் கல் என்று எனக்கு எழுது. அழைத்துச் சொன்னாலும் சரி.

அன்புள்ள,
அப்பா