செப்டம்பர் 27: லோதி கார்டனில் கூடுகிறோம்

அனைவருக்கும் வணக்கம்.

1988 செப்டம்பர் 30, டெல்லி ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் நடத்திய ராக் கச்சேரி. ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், யூசு என்டூர் எல்லோரும் ஒரே மேடையில். நம்மில் பலருக்கு அதுதான் முதல் ராக் கச்சேரி. அவ்வளவு பெரிய மைதானத்தில் டிரேசி சாப்மன் ஒற்றை கிட்டாரோடு தனியாக வந்து நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ராத்திரி பஸ் கிடைக்காமல் ஆர்.கே.புரம் வரை நடந்தோமே! வழியெல்லாம் காதில் இரைச்சல், கால் வலியே தெரியவில்லை.

38 வருஷம் ஆகிறது. மறப்பதற்குள் அந்த நினைவுகளைச் சேர்த்து வைத்துவிடுவோம்.

நாள்: 27.9.2026, ஞாயிறு காலை 7 மணி
இடம்: லோதி கார்டன், படா கும்பத் அருகில்

1. டிக்கெட் துண்டு, பழைய போட்டோ, டைரி எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவேன்.
2. வர முடியாதவர்கள் 3 நிமிட வாய்ஸ் நோட் அனுப்புங்கள். யாரோடு போனீர்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனீர்கள், எந்தப் பாட்டில் அழுதீர்கள்?
3. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், அவர்கள் கேட்கட்டும்.
4. காபி என் பொறுப்பு. இட்லிக்கு இரண்டு பேர் வேண்டும்.
5. ஸ்பீக்கர் வேண்டாம். கிட்டார் வாசிப்பவர்கள் எடுத்து வரலாம்.

அன்று நம்மோடு வந்த இருவர் இப்போது இல்லை. அவர்கள் படம் வைத்திருப்பவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், பெரிதாகப் பிரின்ட் போட்டு எடுத்து வருகிறேன்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று செப்டம்பர் 20-க்குள் இங்கேயே பதில் போடுங்கள்.