யமாத்தே 178

அன்புள்ள கயல்,

இங்கே எல்லாரும் நலம். ஞாயிற்றுக்கிழமை போனை வைத்த பிறகு நாலு நாளாக நான் கூப்பிடவில்லை. அம்மாவுக்குக் கோபம் என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார். கோபமெல்லாம் இல்லை. "அம்மா, நான் உன் கிளாஸ் பொண்ணு இல்லை" என்றாயே, அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். போனில் பேசினால் மறுபடி சண்டையில்தான் போய் நிற்கும், அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படி.

போன வாரம் நீ அனுப்பிய படங்களில் ஒரு மேட்டுத் தெரு இருந்தது. கல் சுவர், கீழே மஞ்சள் இலை, ஒரு பள்ளிக்கூட வாசல். "தினமும் இதில்தான் ஏறி இறங்குறேன், மூச்சு வாங்குது" என்று எழுதியிருந்தாய். நீ இலைக்காக எடுத்த படம். எனக்குக் கண் போனது வாசலுக்கு. பெரிதாக்கிப் பார்த்தேன், ஃபெரிஸ் என்று பெயர். நாலு நாளாக அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றாமல் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பள்ளியை ஆரம்பித்தவர் மேரி கிடர் என்ற அமெரிக்க டீச்சர். வெர்மான்ட் மாநிலத்து வார்ட்ஸ்பரோ என்ற சிற்றூரில் 1834-இல் பிறந்தவர். கல்யாணம் ஆகவில்லை. தனக்கு முன்பே தெரிந்த பிரௌன் என்ற பாதிரியார் குடும்பத்தோடு 1869-இல் ஜப்பானுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு 35 வயது. அந்தக் காலத்தில் 35 என்றால் ஒரு பெண்ணின் வாழ்க்கை ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்று ஊர் நினைத்துக்கொள்ளும் வயது. முதலில் நீகாட்டா, அப்புறம் உன் யோகோஹாமா.

அவரை அனுப்பியது அமெரிக்க ரிஃபார்ம்டு சபை. நம் ராணிப்பேட்டை, வேலூர், சித்தூர்ப் பக்கமெல்லாம் ஆற்காடு மிஷன் என்று பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டியதும் இதே சபைதான். வேலூரில் ஐடா ஸ்கடரை அனுப்பிய கைதான் யோகோஹாமாவுக்கு இவரையும் அனுப்பியிருக்கிறது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பிறந்து, இங்கே ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஹென்றி மார்ட்டின் ஸ்கடர், வயதான காலத்தில் கொஞ்ச நாள் ஜப்பானில் போய் வேலை செய்திருக்கிறார். நீ அங்கே போகிறேன் என்றபோது "அது எங்கேயோ கண்காணாத ஊர்" என்று நான் அழுதேன். நம் ஊர்க்காரர்களுக்குப் பழகின வழிதான் போலிருக்கிறது.

1870 செப்டம்பரில் வகுப்பு ஆரம்பம். கட்டடம் கிடையாது. ஹெப்பர்ன் என்ற அமெரிக்க டாக்டரின் மருந்தகத்தில் ஓர் அறை. டாக்டரின் மனைவி கிளாரா நடத்திவந்த சின்ன வகுப்பை இவர் வாங்கிக்கொண்டார். உன் ஸ்டேஷன் பலகையில் ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அந்த எழுத்துக்கூட்டு முறைக்கே அந்த டாக்டர் பெயர்தான். ஜப்பானிய எழுத்து மண்டையில் ஏறவில்லை என்று நீ புலம்பும்போதெல்லாம் உன்னை வீடு சேர்ப்பது அவர். முதலில் பையன்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள். அடுத்த வருஷமே பெண்கள் மட்டும் என்று ஆக்கிவிட்டார்.

அப்போது ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்ட மதம். தடை எழுதிய பலகைகளைத் தெருவிலிருந்து எடுத்ததே 1873-இல்தான். இவர் வந்ததோ மதத்தைச் சொல்லத்தான், அதில் ஒளிவுமறைவு இல்லை. பெற்றோர் பெண்களை அனுப்பியது ஆங்கிலத்துக்காக. இரண்டு பக்கமும் ஒரு கணக்கு இருந்தது. மிஷன் பள்ளியில் படித்தவள் என்ற முறையில் எனக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். காலையில் ஜெபம், அப்புறம் கிராமர். உன் பாட்டி என்னைச் சேர்த்தது கிராமருக்காக. நானும் முழங்கால் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். அதை நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

1872-இல் அந்த மாகாண ஆளுநர் ஓயே தாக்கு என்பவர் இடம் கொடுத்து உதவினார். பெரு நாட்டுக் கப்பல் ஒன்றில் அடிமைபோல் ஏற்றிப்போன சீனக் கூலிகளை அதே வருஷம் யோகோஹாமாவில் இறக்கி விடுவித்தாரே, அவரேதான். மேரி கிடர் பள்ளிக்குப் போய்வர ஒரு ரிக்‌ஷாவும் ஏற்பாடு செய்து தந்தார். இந்த ரிக்‌ஷா என்ற வார்த்தையே ஜப்பானிலிருந்து வந்ததாம். ஜின் என்றால் மனிதன், ரிகி என்றால் பலம், ஷா என்றால் வண்டி. தலையை உதறிவிட்டு வாலை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். வண்டி அப்போது ஜப்பானுக்கே புதுசு, வந்து இரண்டு மூன்று வருஷம்தான். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு வெள்ளைக்கார டீச்சர் அதில் ஏறுவதைத் தெருவே நின்று பார்த்திருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். நான் முதன்முதலில் ஸ்கூட்டி ஓட்டிப் பள்ளிக்குப் போனபோது நம் தெரு பார்த்ததே, அந்த மாதிரி.

1873-இல் எட்வர்ட் மில்லர் என்ற இன்னொரு மிஷனரியோடு அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வயதில் இளையவர், வேறு சபைக்காரர். கல்யாணத்தோடு பள்ளியை விட்டுவிடுவார் என்றுதான் நானும் நினைத்துப் படித்துக்கொண்டு வந்தேன். விடவில்லை. மில்லர்தான் பிற்பாடு தன் சபையை விட்டு மனைவியின் சபைக்கு மாறி அவர் வேலையில் சேர்ந்துகொண்டார். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "நானும் உன் டிரான்ஸ்ஃபருக்காக மூணு ஊர் மாறினேனே, எனக்கு யார் புஸ்தகம் எழுதினா?" என்றார். நியாயமான கேள்விதான்.

1875-இல் நீ ஏறும் அந்த மேட்டில், யமாத்தே 178-ஆம் எண்ணில், விடுதியோடு சொந்தக் கட்டடம் எழுந்தது. சபையில் பெரிய பொறுப்பிலிருந்த ஃபெரிஸ் என்பவர்கள் பெயரைப் பள்ளிக்கு வைத்தார்கள். 1923 பூகம்பம் அந்த இடத்தைத் தரைமட்டமாக்கியது. அப்போதைய தலைமையாசிரியை ஜென்னி கைப்பர் அதிலேயே இறந்துபோனார். ஆனாலும் இன்றைக்கும் அதே மேடு, அதே 178.

அங்கே படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஷிமாதா காஷி. ஐசு என்ற சமஸ்தானம் உள்நாட்டுப் போரில் தோற்றபோது அவளுக்கு நாலு வயது. குடும்பம் சிதறி, தாய் இறந்து, யோகோஹாமா வியாபாரி ஒருவர் வளர்ப்புப் பெண்ணாக அழைத்துவந்தார். ஏழு வயதில் மேரி கிடரிடம் வந்து சேர்ந்தாள். 1882-இல் பள்ளியின் முதல் பட்டமளிப்பு. பட்டம் வாங்கியது அவள் ஒருத்திதான்! பின்னால் வாகாமத்சு ஷிசுகோ என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதினாள். வாகாமத்சு அவள் பிறந்த ஊர். ஷிசு என்பதற்கு எளியவள் என்று பொருள் வரும் எழுத்தைப் போட்டுக்கொண்டாள். 'லிட்டில் லார்ட் ஃபான்ட்லராய்' என்ற சிறுவர் கதையை 1890 முதல் 1892 வரை ஒரு பெண்கள் பத்திரிகையில் மொழிபெயர்த்தாள். புத்தகத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் நாம் அடித்துக்கொள்கிறோமே, அங்கேயும் அதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. இவள் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதினாள், அது எடுபட்டது. காசநோயோடே வாழ்ந்து 1896-இல் போய்விட்டாள். 31 வயது. குழந்தைகள் சின்னஞ்சிறுசுகள்.

அந்த ஒரே மாணவி பட்டம் வாங்கியபோது பள்ளி மேரி கிடர் கையில் இல்லை, கயல். நான் சொல்லவந்தது இதைத்தான், சுற்றிச் சுற்றி இப்போதுதான் வந்து சேர்கிறேன். 1879-இல் கணவனும் மனைவியும் விடுப்பில் அமெரிக்கா போனார்கள். 1881-இல் திரும்பினவர் மேட்டுக்குப் போகவில்லை, டோக்கியோவுக்குப் போனார். பள்ளியை பூத் என்பவர் எடுத்துக்கொண்டு நாற்பது வருஷம் நடத்தினார். 1888-இல், தன் 54-ஆவது வயதில், மேரி கிடர் வடக்கே மொரியோக்காவுக்குப் புறப்பட்டார். பனி கொட்டும் ஊர். அங்கே அவருக்கு ஆளுநரும் இல்லை, ரிக்‌ஷாவும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். 1910-இல் டோக்கியோவில் இறந்தார்.

மருந்தகத்து அறையிலிருந்து கட்டி எழுப்பின பள்ளியை ஒருவர் எப்படி விட்டுவிட்டுப் போவார்? இரண்டு ராத்திரி இதைத்தான் யோசித்தேன். நான் ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் திங்கட்கிழமை தோறும் பள்ளிக்குப் போகிறேன். நூலகத்துக்கு அட்டை போடுகிறேன் என்று பேர். உண்மையில் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, "என் காலத்தில்" என்று ஆரம்பிப்பேன். போன மாதம் புது ஹெச்.எம். பிரேயர் நேரத்தைக் கால் மணி தள்ளி வைத்தாள். நான் அவள் முகத்துக்கு நேரே சொல்லாமல் மூன்று பேரிடம் சொன்னேன். அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் எனக்கு அவளே டீ கொண்டுவந்து வைத்தாள், ஒன்றும் பேசவில்லை. அந்த டீ தொண்டையில் இறங்கவில்லை. இதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. நீயாகவே ஞாயிற்றுக்கிழமை "ஸ்கூலையும் விடமாட்டே, என்னையும் விடமாட்டே" என்றுவிட்டாய்.

உன் மேனேஜரிடம் எப்படிப் பேசுவது என்று நான் சொல்லிக்கொடுத்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். அந்த ஊர் ஆபீசில் யார் முதலில் குனிவார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

நூலக அலமாரிச் சாவி இன்னும் என் கைப்பையில்தான் கிடக்கிறது. வரும் திங்கட்கிழமை அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார், வாசலிலேயே நிற்பாராம், நான் உட்கார்ந்துவிடக்கூடாது என்று.

உனக்கு நேரம் இருக்கும்போது கூப்பிடு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: பார்சலில் பருப்புப் பொடியும் பூண்டுப் பொடியும் வருகிறது. ஈரக் கரண்டி போடாதே. இதைச் சொல்லக்கூடாது என்றுதான் டப்பா மூடியில் எழுதினதை அழித்தேன், இங்கே எழுதிவிட்டேன்.